வயலும் வாழ்வும், எங்க காடும்

எங்க பக்கத்தில் யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள். காட்டுக்குத்தான் போவார்கள். "அப்பா எங்கடா?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்காக" என்று பதில் வரும். அந்தக் காட்டில் மரம் கிடையாது. ஓரத்தில் நாலு வேலிக்கருவை நிற்கும், அவ்வளவுதான். கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற, மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற கரிசல் மண்தான் கோவில்பட்டி வட்டாரத்துக்காரர்களுக்குக் காடு. வயல் என்பது தாமிரபரணிக்காரர்கள் சமாச்சாரம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சென்னைத் தொலைக்காட்சியின் பேர்போன விவசாய நிகழ்ச்சிக்குப் பெயர் 'வயலும் வாழ்வும்'. தமிழில் தொலைக்காட்சி பற்றி யார் எழுதினாலும் இந்தப் பெயர் ஒரு கேலியாகவோ ஏக்கமாகவோ வந்துவிடும். எனக்கு அந்தப் பெயரிலேயே ஒரு சேதி இருப்பதாகப் படுகிறது. ஆற்றுத்தண்ணீர் பாயும் ஊரை மனதில் வைத்துத்தான் அந்த நிலையம் 'விவசாயி' என்ற ஆளைக் கற்பனை செய்திருக்கிறது. மானாவாரிக்காரன் அந்தக் கற்பனைக்குள் வரவே இல்லை.

கொஞ்ச நாளாகத் தூர்தர்ஷன் பற்றிய குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே படித்தாலும் கதை ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் நல்ல நிலையம் ஒன்று இருந்தது, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே கூடியது, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி வந்தது, அதோடு முடிந்தது. பாதி உண்மைதான். ஆனால் இந்தக் கதையை நம்பினால் ஒரு கேள்வியைக் கேட்காமலே போய்விடுவோம். பதினெட்டு வருஷம் போட்டியே இல்லாமல் இருந்த ஒரு நிலையம், முதல் போட்டி வந்ததும் இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சாய்ந்தது? அது சாய ஆரம்பித்தது 1993இல் இல்லை என்பது என் கட்சி. நாமெல்லாம் வளர்ச்சி என்று கொண்டாடிய எண்பதுகளின் நடுவிலேயே அது ஆரம்பித்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1975 ஆகஸ்டில் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோது தமிழில் அந்தத் தொழிலுக்கு முன்மாதிரி கிடையாது. வானொலிக்காரர்கள், சபா நாடகக்காரர்கள், படப்பிடிப்பு தெரிந்தவர்கள் என்று கிடைத்தவர்களை வைத்து ஒரு மொழியை உண்டாக்க வேண்டியிருந்தது. செய்தி வாசிப்பில் அதைச் செய்தார்கள். ஷோபனா ரவி, வரதராஜன் போன்றவர்கள் மேடைத் தமிழும் இல்லாமல் வீட்டுத் தமிழும் இல்லாமல், நேர்முகமாக ஒருவரைப் பார்த்துச் சொல்கிற தொனியைப் பிடித்தார்கள். இன்றைக்குக் கத்துகிற செய்திகளுக்கு நடுவே அதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று தெரியும். செவ்வாய்க்கிழமை நாடகம் ஒரே நாளில் முடியும். இழுத்தடிக்க இடமே கிடையாது. குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா' இருந்தது.

இவை எல்லாவற்றையும் விட நான் உயர்த்திச் சொல்வது 'எதிரொலி'யை. நேயர் கடிதங்களைப் படித்து, நிலையத்தின் பொறுப்பில் இருப்பவரே பதில் சொல்கிற நிகழ்ச்சி. பதில்கள் பெரும்பாலும் மழுப்பல்தான். 'ஆவன செய்யப்படும்' ரகம். ஆனாலும் ஒரு அரசாங்க அலுவலகம் தன் மேல் வந்த புகாரைத் தானே சத்தமாக வாசித்துக் காட்டுவது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கு எந்தத் தனியார் சேனல் தன் பார்வையாளரின் திட்டை நேரம் ஒதுக்கி வாசிக்கிறது?

இப்போது எங்க ஊர்ப் பக்கத்துக் கணக்கைப் பார்க்கலாம். மேலே சொன்ன பொற்காலத்தின் முதல் பத்து வருஷம் கோவில்பட்டிக்கு வரவே இல்லை. சென்னைக் கோபுரத்தின் அலை சென்னையைச் சுற்றித்தான் போகும். 1982இல் கலர் வந்தது, டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு வந்தது. 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டது. 1984இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்கிற வேகத்தில் சில மாதங்கள் நாடு முழுக்கக் கோபுரம் நட்டார்கள். பெரும்பாலும் குறைசக்திக் கோபுரங்கள். அவற்றுக்கு ஸ்டுடியோ கிடையாது, கேமரா கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி ஊருக்குள் விடும். மாவட்டத் தலைநகரில் டிவி வந்துவிட்டது என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். வந்தது குழாய் மட்டும்தான். தண்ணீர் வேறு ஊர்த் தண்ணீர்.

எங்க மாமா ஒருத்தர் அப்போதே டிவி வாங்கினவர். அவர் சொல்கிற கதை இது. தூத்துக்குடி, திருச்செந்தூர் கரையோரத்தில் மட்டுமில்லை, எங்க பக்கத்து வீடுகளிலும் முதலில் தெரிந்தது சென்னையும் இல்லை, டெல்லியும் இல்லை, இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம். பிதுருதலாகல மலை மேல் கோபுரம். கடல் தாண்டி அலை வரும். மொட்டைமாடியில் நீளமான குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டு, ஒருத்தர் மேலே நின்று திருக, இன்னொருத்தர் கீழே இருந்து "இப்பத் தெரியுது... போச்சு... லேசாத் திருப்பு" என்று கத்துவார். தமிழ்ச் செய்தி, படம், கிரிக்கெட் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். மெட்ராஸ் தெரியாதபோது கொழும்பு தெரிந்தது! மாமா அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது பெருமையா வருத்தமா என்று இன்னும் பிடிபடவில்லை.

பிறகு கொடைக்கானல் மலை மேல் வைத்த பெரிய கோபுரம் தென்மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டருக்கு இன்னொன்று எழுந்தது. கோபுரக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபுரங்களின் வழியாகச் சென்னை எங்களிடம் பேசியது, நாங்கள் திருப்பிப் பேச வழி இல்லை. டெல்லி தன் நேரத்தைப் பறிக்கிறது என்று சென்னை புலம்பிய காலம் அது. ராத்திரி எட்டரை மணியை ஒட்டி இந்தி வந்துவிடும், தமிழ் முடிந்துவிடும். புலம்பல் நியாயமானது. ஆனால் டெல்லி சென்னைக்குச் செய்ததைத்தான் சென்னை கோவில்பட்டிக்குச் செய்தது. இந்த இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஒரே ஒரு உதாரணம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் எவ்வளவு அடி என்று வானொலியிலும் டிவியிலும் கேட்டுக் கேட்டு எங்க ஊர்க் கிழவிகளுக்குக்கூட மனப்பாடம். காவிரிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜூன் 12 எங்களுக்குச் சாதாரண நாள். எங்க வருஷம் புரட்டாசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற புழுதி விதைப்பு. மழை பத்து நாள் தள்ளினால் விதை செத்துப் போகும், மறுபடி விதைக்கக் கடன் வாங்க வேண்டும். உளுந்தா, பாசியா, சோளமா, மல்லியா, பருத்தியா என்ற முடிவு ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து முடிவு. இதற்கெல்லாம் பதில் தெரிந்த இடம் எங்க ஊருக்குள்ளேயே இருக்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. கே என்ற எழுத்தில் தொடங்கும் பருத்தி, சோள ரகங்கள் இங்கே பிறந்தவை. அந்த விஞ்ஞானியையும் இந்தச் சம்சாரியையும் ஒரே காட்டில் நிறுத்திப் பேசவிட ஒரு கேமரா போதும். அந்தக் கேமரா இங்கே நிரந்தரமாக வரவில்லை.

திருநெல்வேலி வானொலி நிலையத்தோடு ஒப்பிட்டால் இது புரியும். 1963இல் தொடங்கிய நிலையம். அதற்கு ஸ்டுடியோ இருந்தது, வில்லுப்பாட்டும் நாட்டார் பாட்டும் பதிவு செய்தது. கோவில்பட்டியிலிருந்து ஒருத்தர் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்பிவிடலாம். ஒரு நிலையம் எங்களுடையதா இல்லையா என்பதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எனக்குத் தேவைப்படவில்லை. போய் வர ஒரு நாள் போதுமா என்பதே அளவுகோல்.

"அரசாங்க டிவியால் இதெல்லாம் முடியாதுப்பா" என்று ஒரு நண்பர் சொன்னார். முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சி இருந்தது. குஜராத்தில், அமுல் பால் பிறந்த அதே கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற கிராமத்தில் 1975இல் ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்தார்கள். அகமதாபாதில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தியது. யஷ் பால் அப்போது அந்த மையத்தின் இயக்குநர். சுற்றுவட்டாரத்தில் சுமார் 400 கிராமங்களில் பொது இடங்களில் டிவிப் பெட்டி வைத்தார்கள். நிகழ்ச்சி எடுப்பதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் ஊருக்குப் போய் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். எடுத்த பிறகு மறுபடி போய்ப் புரிந்ததா என்று கேட்பார்கள். ஊர்க்காரர்களே நடித்தார்கள், ஊர்ப் பேச்சிலேயே பேசினார்கள். விவசாயக் கூலிக்குச் சட்டப்படி எவ்வளவு தர வேண்டும், யார் தராமல் ஏய்க்கிறார்கள் என்பதெல்லாம் நாடகத்துக்குள் வந்தது. கிராமத்துப் பெரிய மனிதர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்காக யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த அடுத்த சில வருஷங்களுக்குள் அந்த நிலையம் மங்கிவிட்டது. அகமதாபாதில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு, அதே பகுதிக்கு இந்தச் சின்னது எதற்கு என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பொறியாளர் கணக்கில் ஒரு பகுதிக்கு ஒரு அலை போதும். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது. கேடாவை நாடு முழுக்கப் பரப்பியிருக்க வேண்டிய அதே வருஷங்களில், அதற்கு நேர் எதிரான நாளுக்கொரு கோபுரத்தைப் பரப்பினார்கள். சென்னை நிலையம் சாய்ந்ததற்கும் இதே காரணம் என்று நினைக்கிறேன். அது ஒரு ஊரின் நிலையமாக இருந்த வரைக்கும் அதற்குக் காது இருந்தது. மாநிலம் முழுக்கத் தெரிய ஆரம்பித்ததும், வளர்ந்த அளவுக்குக் காது வைக்காமல் குரலை மட்டும் பெருக்கினார்கள். 'எதிரொலி'யில் வாசிக்கிற கடிதங்களின் நேரம் மாநிலத்தின் அளவுக்கு நீளவில்லை.

எங்க வட்டாரத்தின் பெரிய சங்கதி ஒன்று தீப்பெட்டித் தொழில். சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள் எண்பதுகளில் தினசரிக் காட்சி. கோபுரத்தின் அலைக்குள் நடந்துகொண்டிருந்த விஷயம். அதைப் பற்றி நாம் நினைவில் வைத்திருக்கிற படங்கள் எவை? 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம். பெங்களூர்க்காரர் வந்து எடுத்தது. இன்னொன்று இந்த மண்ணின் எழுத்தாளர் பூமணி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உதவியோடு இயக்கிய 'கருவேலம் பூக்கள்'. இரண்டும் தனி மனிதர்கள் பிடிவாதத்தில் பிறந்தவை. இதே காலத்தில் கி. ராஜநாராயணன் இடைசெவலில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கதை சேகரித்தார். ஒரு நிலையம் செய்ய வேண்டிய கள வேலையை ஒரு சம்சாரி தபால் கார்டில் செய்துகொண்டிருந்தார்.

இனிமேல் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1993இல் தமிழுக்கென்று செயற்கைக்கோள் சேனல் வந்தது. பின்னால் அதற்குப் 'பொதிகை' என்று பெயர் வைத்தார்கள். பொதிகை எங்க பக்கத்து மலை, தாமிரபரணி பிறக்கிற மலை. சேனலோ சென்னை சுவாமி சிவானந்தா சாலையில். பெயரை மட்டும் தெற்கே இருந்து எடுத்துக்கொண்டார்கள். தனியாருக்குப் போட்டியாகத் தொடர், சினிமாப் பாட்டு, ஸ்பான்சர் என்று இறங்கினார்கள். அந்தப் பந்தயத்தில் அவர்கள் ஜெயிக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அது சன் டிவியின் பந்தயம். தனியார் எவரும் காசுக்குச் செய்ய மாட்டாத ஒன்று, அதாவது கோவில்பட்டிக்கு ஒரு அரை மணி, பேச்சிப்பாறைக்கு ஒரு அரை மணி, தர்மபுரிக்கு ஒரு அரை மணி என்பது அவர்களால் மட்டுமே முடிந்திருக்கும்.

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. 2004 வாக்கில் மத்திய வேளாண்துறையின் பணத்தில், நாடு முழுக்க 180 டிரான்ஸ்மிட்டர்களில் அந்தந்தப் பகுதிக்கு மட்டும் விவசாய நிகழ்ச்சி விடுகிற திட்டம் தொடங்கினார்கள். இருபது வருஷம் தாமதமாகக் கேடா திரும்பி வந்த மாதிரி. ஆனால் அதற்குள் ஊரில் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறவர் யார் இருந்தார்கள்? கேபிள் வந்துவிட்டது. 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள் வீடுகளுக்குப் போனதும், பஞ்சாயத்து டிவி அறைகளும் பூட்டிக்கொண்டன. கோபுரம் ஒரு ஊருக்குத் தனியாகப் பேசக் கற்றுக்கொண்டபோது கேட்க ஆள் இல்லை. 2015இல் டெல்லியிலிருந்து இந்தியில் 'டிடி கிசான்' வந்தது. 2022க்குள், எல்லையோரம் போன்ற முக்கியமான இடங்களில் சுமார் ஐம்பதைத் தவிர, பழைய டிரான்ஸ்மிட்டர்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரி 19இல் பொதிகை 'டிடி தமிழ்' ஆனது. அந்த வருஷம் அக்டோபரில் அங்கே நடந்த இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு அடி விடுபட்டுப் பெரிய சண்டை ஆகி, நிலையம் மன்னிப்புக் கேட்டது. என் சொந்தக்காரர்கள் ரொம்ப வருஷம் கழித்து அந்த நிலையத்தைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

தனியாரில் யாருமே முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி சினிமாவை ஒதுக்கி வைத்துவிட்டு 'மலரும் பூமி' மாதிரி நிகழ்ச்சிகளோடு காடு கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனது. கட்சிச் சேனல் என்று அதை ஓரமாக வைத்தவர்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பிறகு அதன் வேகமும் குறைந்தது. உள்ளூர்க் கேபிள் சேனல்களைச் சிலர் மாற்றாகச் சொல்வார்கள். செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவை நேரலையில் காட்டுவதும், நகைக்கடை விளம்பரமும், கண்ணீர் அஞ்சலியும் அவற்றின் வேலை. நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை. வெளியூரில் படுத்துக் கிடக்கிற ஆச்சிக்குத் தேரைக் காட்டுவது நல்ல காரியம். ஆனால் கேபிள்காரருக்குக் கேமரா உண்டு, நிருபர் கிடையாது. நகராட்சித் தண்ணீர் ஏன் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று அவர் கேட்டால், கம்பம் வைத்திருக்கிற அதே நகராட்சியில் நாளைக்கு அவருக்கு வேலை இருக்கிறது.

பொதிகைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு. மார்கழிக் கச்சேரியையும், கூத்தையும், யாரும் சீண்டாத பழைய எழுத்தாளர் பேட்டியையும் காசு பார்க்காமல் போட்டது அதுதான். சரி. ஆனால் அந்த மரியாதை கலைக்குக் கிடைத்தது, காட்டுக்குக் கிடைக்கவில்லை.

2018இல் எங்க பக்கத்து மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. புதுப் புழு, யாருக்கும் தெரியாது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டே போனது. அந்த வாரம் எங்க மாமா வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோவை என்னிடம் காட்டினார். எந்த ஊர்க்காரரோ, பச்சைப் பசேலென்ற வயலில் நின்றுகொண்டு, மருந்தை ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொன்னார். பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வீடியோவில் கேட்டது. மாமாவுக்கு எட்டு ஏக்கர். ஆயிரத்து அறுநூறு லிட்டர். கம்மாய் காய்ந்து கிடந்தது. குடத்துக்கு இவ்வளவு என்று டிராக்டர் டேங்க்கில் குடிதண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

"மருந்து பேரச் சொல்லிட்டான். தண்ணிக்கு எங்க போறதுன்னு இவன்ட்ட எப்பிடிக் கேக்கது?" என்றார் மாமா. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கேட்பதற்கு ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று.